வேலியோரமாக நடந்த ஹெட்லி

கார்ன்வாலின் செயின்ட் டே ஊரில் ஹெட்லி நான்கெர்விஸ் மாதிரி தன் கையாலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்ட ஆள் இன்னொருவர் கிடையாது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். உளியும் சுத்தியலும்தான் அவர் படித்த படிப்பு. இடிந்துபோன சுரங்க இயந்திரக் கூடத்தின் கருங்கல்லை வண்டி வண்டியாக வாங்கி, செதுக்கி, அடுக்கினார். எத்தனையோ புயல் வந்து மோதிப் பார்த்தது. படித்தவர்கள் கட்டிய வீடெல்லாம் ஒழுகியது. இவர் சுவரில் ஒரு பொட்டு ஈரம் இறங்கியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த நவம்பரில் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். ஓயாத மழை. அடுத்த தெருவில் ஒரு தோட்டம் திடீரென்று வாயைப் பிளந்து, கண்ணாடிக் கொட்டகையை அப்படியே விழுங்கிவிட்டது. அடியில் பழைய வெள்ளீயச் சுரங்கக் குழி. அந்தக் காலத்தில் மரத்தைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மரம் உளுத்தால் அவ்வளவுதான்.

தன் தோட்டத்து நடுவிலும் அப்படி ஒன்று கிடக்கிறது என்பது ஹெட்லிக்கு மட்டுமே தெரியும். அந்த நிலத்துக்கு அவருடைய தாத்தா சொன்ன பெயர் வீல் டாம்சின். வீல் என்று பெயர் இருந்தால் அடியில் சுரங்கம் என்பது எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் இல்லை. ஹெட்லியும் அதை நெஞ்சுக்குள்ளேயே புதைத்துவிட்டார். வெளியே தெரிந்தால் வீட்டை நாய்கூடச் சீந்தாது. மகளுக்கென்று கட்டியது மண்ணோடு மண்ணாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் லோவெனா ஆங்கோவ் வந்தாள். பக்கத்து ட்ரூரோ நகரத்துப் பெண். கார்ன்வால் மக்களின் பழக்கவழக்கம், பழைய நிலப்பெயர் எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்த் திரட்டும் ஆராய்ச்சிக்காரி. ஹெட்லியின் மனைவி வெர்னாதான் அவளை வரச் சொல்லியிருந்தாள்.

"இந்த நிலத்துக்குப் பழைய பேரு ஏதாச்சும் இருக்கா, மிஸ்டர் நான்கெர்விஸ்?"

"நீள வயல். வேற ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானா? குறிச்சுக்கம்மா, இந்த மனுஷன் சுருக்கமாப் பேசினது இதான் முதல் தடவை." வெர்னா குங்குமப்பூ கேக்கை நகர்த்தி வைத்தாள். "பழக்கவழக்கம் வேணும்னா என்கிட்ட கேளு. நடுத்தோட்டத்துல வெயில் அடிக்குது. இவரு கொடி கட்டிக் குடுத்தது வேலி நிழல்ல. கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் துணி ஒழுங்காக் காஞ்சதில்ல. இவரும் வேலியோரமாவேதான் நடப்பாரு, பால் திருட வந்த பூனை மாதிரி."

லோவெனா நிமிர்ந்தாள். "எங்க தாத்தாவும் ஒரு வயல்ல அப்படித்தான் நடப்பாராம். மாட்டையும் சுத்தித்தான் ஓட்டிட்டுப் போவாராம். ஏன்னு அவருக்கே தெரியாது."

ஹெட்லி சட்டென்று கேக் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"உங்க வீட்ட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். இவ்வளவு நேரப் பயத்தில் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. வீட்டைப் புகழ்ந்தால் ஹெட்லிக்கு உச்சி குளிர்ந்துவிடும். மழை விட்டிருந்தது. வெளியே போய்ச் சுவரில் கையூன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"புகைபோக்கி விட்டுப்போகுது. கொஞ்சம் பின்னாடி போறேன்."

போனாள். இன்னும் போனாள். அப்போதுதான் ஹெட்லி அவள் காலடியைப் பார்த்தார். தோட்டமெங்கும் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் மட்டும் புல் தட்டுபோல் குழிந்து, சொட்டு நீர் நிற்காமல் கிடந்தது. அத்தனை மழையும் எங்கே போயிருக்கும்?

வாயைத் திறந்தால் வீடு போச்சு.

"அங்க சேறு. இந்தப் பக்கம் வா."

"பரவால்ல, பூட்ஸ் போட்டிருக்கேன்."

இன்னும் ஓர் அடி வைத்தாள். கணுக்கால் வரை உள்ளே போனது. கீழே ஏதோ கல் உதிர்ந்தது. அது தண்ணீரில் விழும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"அசையாத கண்ணு." ஹெட்லி கையை உயர்த்தி நிறுத்தினார். "அது வீல் டாம்சின்."

அவளும் இந்த மண்ணில் பிறந்தவள். அந்த ஒரு பெயர் போதும்.

"மெதுவாக் குப்புறப் படு. கை காலை விரிச்சுக்கோ."

சுவரில் சாத்தியிருந்த ஏணியைத் தூக்கிவந்து புல்மேல் தள்ளினார். இந்த முனையை அவரும், சத்தம் கேட்டு ஓடிவந்த வெர்னாவும் உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்கள். லோவெனா ஒவ்வொரு படியாகத் தொற்றி ஊர்ந்து வந்தாள். அவள் கால் கடைசிப் படியை விட்டதும், பின்னால் புல்தரை பெருமூச்சு விட்டு உள்ளே இறங்கியது. ஏணியும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அடுப்படிச் சுவருக்குப் பத்தடியில் கிணறு மாதிரி ஒரு கறுப்பு வாய்.

வெர்னா நிழலில் தொங்கிய ஈரத் துணியைப் பார்த்தாள். பிறகு கணவனை.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு, ஹெட்லி."

உள்ளே மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. லோவெனாவின் பல் தந்தியடித்தது. ஆனாலும் கேட்டாள்: "அந்தப் பேர நான் எழுதிக்கலாமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

ஹெட்லி தன் சுவரைப் பார்த்தார். அதில் கீறல் ஏதும் இல்லை. இன்னும் இல்லை.

"எழுது. இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தன் வந்து இதே மாதிரி குழி மேல நிப்பான்." சுவரைக் காட்டினார். "வீட்டக் கட்டினது ஹெட்லி நான்கெர்விஸ்னும் சேத்து எழுது."

மூவரும் ஒருவர் பின் ஒருவராக, வேலியை ஒட்டியே நடந்து தெருவுக்கு வந்தார்கள். பின்னால் மறுபடி என்னவோ சரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.