ஐம்பது சதத்தின் இரட்டை எழுத்து

தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த காலத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைக் கள்ளக்காசுக்காரி ஆக்கினேன். காசு நல்லது என்று எனக்குத் தெரியும்.

சம்பளத்துக்கு மறுநாள். ஹட்டன் ரோட்டுக் கடையில் கடைக்கார நானா, அவள் நீட்டிய ஒரு ஐம்பது சதத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ராசா தலையைச் சுத்தி எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா ஓடுது. தோட்டத்துத் தொரைக்குச் சொல்லி அனுப்பவா? நாளைக்கே பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டு அனுப்பிருவாரு."

"காசு வார்க்க எங்க வீட்டுல என்ன பட்டறையா இருக்கு நானா? லயத்து ஒத்த அறையில சோறு வடிக்கவே இடமில்ல" என்றவள் என்னைக் கண்டாள். "கிளாக்கரய்யா, நேத்து நீங்கதானே குடுத்தீங்க? சொல்லுங்கய்யா."

நான்தான் கொடுத்தேன். பழைய காசு சேர்ப்பவன் என்பதால் பூதக்கண்ணாடி எப்போதும் பையில் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். அச்சிலேயே இருமுறை பதிந்திருந்தால் இரண்டாவது எழுத்தும் உருண்டு மேடாக நிற்கும், முனை பிளந்திருக்கும். அது அபூர்வம். அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்த இரட்டிப்பு தட்டையான படிபோல இருக்கும். அதற்கு மதிப்பில்லை. வெளியே மூடுபனி, கடைக்குள் மங்கல். முனை பிளந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

நல்ல காசு என்று சொல்லி மாற்றிக் கேட்டால், நானாவுக்குச் சந்தேகம் வந்து காசைத் தானே வைத்துக்கொள்வார்.

"எத்தனையோ பேருக்குக் குடுக்கிறேன், ஞாபகமில்ல. இது ஆபீசுல இருக்கட்டும்" என்று காசைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அப்ப நான் கள்ளியாங்கய்யா?" என்றாள்.

நான் கடையை விட்டு இறங்கி நடந்தேன். விஷயம் தொரையிடம் போகாமல் காப்பாற்றிவிட்டதாக என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எவளோ கேட்டாள்: "ஏய் கள்ளக்காசு, கொழுந்தாவது நல்லதா?" எல்லோரும் சிரித்தார்கள். கூடையை இறக்காமல் அவள் அப்படியே நின்றாள். ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். காசு என் பையில் இருந்தது.

அந்த மாதமே அவள் குடும்பம் தானாகவே பத்துச்சீட்டுக் கேட்டு வாங்கி வேறு தோட்டத்துக்குப் போனது. சீட்டை எழுதியவன் நான். புருஷன்தான் வந்து வாங்கினான். அவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

பிறகு நுவரெலியாவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் காசை வெயிலில் பிடித்து, தம் கண்ணாடியால் பார்த்தார்.

"படி மாதிரி தட்டையா இருக்கு பாருங்க சார். அச்சு அசைஞ்சதால வந்தது. அம்பது சதத்துக்கு அம்பது சதம்தான்."

அவர்கள் போன தோட்டம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போகவில்லை.