காந்தத்தில் ஒட்டாத துண்டு

என் மனைவியின் கடைவாய்ப் பல் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாயிலிருந்ததை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பல்லின் சில்லு ஒன்று. பக்கத்தில், மிளகில் பாதி அளவுக்குக் கறுப்பாக இன்னொன்று.

கல் என்றுதான் நினைத்தோம். நான் அதைக் குழாயில் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி மாதிரிக் கூராக இருந்தது. மறுபக்கத்தில் நெருக்கமாக வளைந்த வரிகள். வெல்டிங் ராடை இழுத்துக்கொண்டு போகும்போது உருகிய உலோகம் ஆறி அப்படித்தான் வரி வரியாக நிற்கும். அந்த ராடை இழுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திமிரி போகிற ரோட்டில் ஓர் அரிசி ஆலையில் நான் ஃபிட்டர். அதற்கு முன்னால் பல வருடம் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மெஷின் பார்த்தேன். இப்போதெல்லாம் நெல் மூட்டையாக வருவது குறைந்துவிட்டது. அறுவடை மெஷினிலிருந்து அப்படியே லாரியில் கொட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதை இறக்குவதற்கு எங்கள் ஆலையில் உறிஞ்சும் மெஷின் ஒன்று இருக்கிறது. தடிமனான குழாயும், அதன் முனையில் இரண்டு கைப்பிடி வைத்த இரும்பு வாயும். அந்த வாயை மூக்கு என்போம். ஓர் ஆள் லாரியின் மேலே நின்று மூக்கைப் பிடித்து நெல்லுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டும். நெல் குழாய் வழியாகக் கொட்டகைக்குப் போய்விடும்.

நெல் உமி பார்க்கத்தான் லேசு. அது இரும்பைத் தேய்க்கிற வேகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. புது மூக்கு மாட்டினால் அறுவடைக் காலம் முடிவதற்குள் வளைவில் ஓட்டை விழுந்துவிடும். நான் தகடு வைத்து ஒட்டுவேன், அந்தத் தகடும் ஓட்டையாகும். லாரிகள் வெளியே வரிசையில் நிற்கும். முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, தேயாத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா பார் என்றார்.

கல் உடைக்கும் கிரஷரில் பற்கள் தேயாமலிருக்க ஒரு வகை ராடு போட்டு மேலே கெட்டியாக ஏற்றுவார்கள். அரம் போட்டால் அரம்தான் வழுக்கும், அவ்வளவு கடினம். அந்த ராடை வாங்கிவந்து மூக்கின் உள்பக்கம் முழுக்க வரி வரியாக ஏற்றினேன். இரண்டு நாள் வேலை. அந்தப் போகம் முழுக்க ஓடியும் மூக்கு ஓட்டையாகவில்லை. முதலாளி மற்ற ஆலைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

இப்போது அதன் ஒரு துண்டு என் உள்ளங்கையில் இருந்தது.

நாங்கள் சாப்பிடுவது ஆலையில் கொடுக்கிற அரிசிதான். ஆனால் அங்கே நெல் உள்ளே போகிற இடத்தில் பெரிய காந்தம் உண்டு. ஆணி, போல்ட், கம்பி எதுவாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டி இது எப்படி வந்தது? வீட்டில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் கிடந்தது. துண்டை மேஜைமேல் வைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அசையவில்லை. ஒட்டவைத்துத் தூக்கினேன், விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. சாதாரண இரும்பு தேய்ந்து உதிர்ந்தாலும் காந்தம் பிடித்திருக்கும். நான் தேடிப்பிடித்து ஏற்றிய உலோகம் காந்தத்துக்குச் சிக்காத ஜாதி. அதை வாங்கும்போது எத்தனை கடினம் என்று மட்டும்தான் கேட்டேன்.

மனைவி வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள். இன்னாங்க அது என்றாள். சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். வீங்கின கன்னத்தோடு மெதுவாகச் சொன்னாள்:

"எங்க லைன்ல ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டும் கெடைக்கிற வரைக்கும் மெஷின் ஓடாது. பேப்பர்ல வெச்சு ஒட்டி, முழு ஊசி வந்துச்சான்னு பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன். கால்ல போட்றதுக்கே அப்படி."

பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாத்திரை போட்டுப் படுத்துக்கொண்டாள். நான் அரிசி மூட்டையை அவிழ்த்து முறத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு கிடைத்தன.

திங்கட்கிழமை முதல் வேலையாக மூக்கைக் கழற்றினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தேயவே இல்லை, உண்மைதான். ஆனால் அங்கங்கே சொத்தைப் பல் மாதிரிக் குழி. உலோகம் துண்டு துண்டாகப் பெயர்ந்து போயிருந்தது.

மூக்கைப் பிடித்து ஓட்டுகிறவர் விரிஞ்சிபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வைக்கோல் அடைத்துக்கொண்டால் மூக்கை லாரித் தளத்தில் ஓங்கித் தட்டி எடுப்பாராம். முன்பெல்லாம் மெல்லிசாக இருந்ததால் பயந்து பயந்து தட்டுவார்.

"நீ கெட்டியா பண்ணிக் குடுத்த பிறகு பயமில்லாம அடிச்சேன், பிட்டரே. ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி அடிச்சிருப்பேனோ."

அவர்மேல் என்ன தப்பு? கடினமான உலோகம் தேயாது, அடித்தால் சிதறும். கிரஷரில் கல்லோடு கல்லாகப் போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள். இது சோறு. இரண்டு நாள் குனிந்து வெல்டிங் அடித்தபோது என் மண்டையில் அது உறைக்கவே இல்லை.

எங்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற மூட்டை, நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷினுக்குப் போகும் முன்னாலேயே பிடித்த அரிசி. அதனால்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. கடைக்குப் போகிற அரிசியில் கறுப்பாக இருப்பதை அந்த மெஷின் ஊதித் தள்ளிவிடும். அப்படித் தள்ளிய கழிவு அரிசி மூலையில் மூட்டையாகக் கிடந்தது. நானும் மூக்கு ஓட்டுகிறவரும் அதைத் தார்ப்பாயில் கொட்டி, மத்தியானம் வரை கையால் தடவினோம். கிடைத்த துண்டுகளை எண்ணிக்கொண்டு போய் மூக்குக்குள்ளே ஒவ்வொரு குழியிலும் வைத்துப் பார்த்தேன், என் மனைவி ஊசியை வைத்துப் பார்க்கிற மாதிரி. சில கச்சிதமாகப் பொருந்தின. பல குழிகள் காலியாகவே இருந்தன. எத்தனையோ கழிவு மூட்டை ஏற்கெனவே நொய்யாகவும் மாட்டுத் தீவனமாகவும் போய்விட்டது. எங்களைப் போல மாத மூட்டை வாங்கினவர்கள் இருபது வீடு.

முதலாளியிடம் போய்த் துண்டுகளை மேஜைமேல் வைத்தேன். சத்தம் போடுவார், அல்லது வெளியே சொல்லாதே என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றைக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நம்ம வீட்டுக்கும் அந்த அரிசிதான பா போவுது?"

அவர் வீட்டில் ஒரு வயதுப் பேரன் இருந்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அவரே இறக்கினார். நல்ல சீசனில், வெளியே நெல் லாரிகள் நிற்கும்போது, ஆலை அமைதியானதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். இருபது வீட்டுக்கும் ஆள் அனுப்பி மூட்டைகளைத் திருப்பி வாங்கினார். நொய் வாங்கினவர்களுக்கும் தீவனக்காரர்களுக்கும் அவரே போன் பண்ணினார். பாதிப் பேர் தீர்ந்துபோச்சு என்றார்கள்.

மறுநாள் ஆம்பூர் போனேன். தோல் ஷாப்பில் என்னோடு வேலை செய்த ஒரு பாய் இப்போது ஷூவுக்குப் பாலியூரித்தேன் சோல் ஊற்றுகிறார். அந்தச் சோல் தார் ரோட்டில் வருடக்கணக்காகத் தேய்ந்தும் உடையாது. அதையே மூக்கின் உள்ளே உறை மாதிரி ஊற்றிப் போட்டால் என்ன என்பது என் யோசனை. போகும் வழியில் தோல் வைத்தே உறை தைக்கலாமா என்றும் தோன்றியது. ஆனால் குரோம் போட்டுத் தோல் பதனிட்ட தண்ணீரில் எத்தனை வருடம் நின்றவன் நான், அதை நெல்லோடு உரசவிட மனம் வரவில்லை.

பாய் முழுக்கக் கேட்டார். சோல் மருந்து இருந்த டிரம்மைக் காலால் தள்ளிவைத்தார்.

"செருப்புக்கு ஊத்துறதைச் சோத்துக்கு ஊத்த மாட்டேன், தோஸ்த். சாப்பாட்டுச் சாமானுக்குன்னே தனி மருந்து மெட்ராஸ்ல கெடைக்குது. அதை வர வெச்சா ஊத்தித் தர்றேன்."

வர ஐந்து நாள் ஆனது. முதலாளி ஐந்து நாளும் ஆள் வைத்துக் கூடையில் நெல் இறக்கினார், பேஜாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊற்றுகிற அன்று என்ன கலர் என்று பாய் கேட்டார். பளிச்சென்று நீலம் என்றேன். அரிசியிலோ நெல்லிலோ நீலமாக எதுவும் இருக்காது. ஒரு துணுக்குப் பெயர்ந்து வந்தாலும் மெஷினுக்கும் தெரியும், முறத்தில் புடைக்கிறவளுக்கும் தெரியும்.

வெல்டிங் ஏற்றிய மூக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, புது மூக்கில் அந்த உறையை நான்கு போல்ட்டில் மாட்டினேன். தட்டுவதற்குப் பதிலாக வைக்கோலை இழுத்தெடுக்க ஒரு வளைந்த கம்பி செய்து கொடுத்தேன். ஒவ்வொரு லாரி முடிந்ததும் மூக்கு ஓட்டுகிறவர் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார், கையை விட்டுத் தடவுவார். அவரே ஆரம்பித்த பழக்கம்.

போகம் முடிந்ததும் உறையைக் கழற்றினேன். வெடிப்பு இல்லை, ஒரு துண்டும் பெயரவில்லை. வெல்டிங் போட்டதைவிடவும் நன்றாக உழைத்திருந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அதைத் தராசில் வைத்தேன். புதிதாக மாட்டும் முன் நிறுத்து எழுதிவைத்திருந்த எடையைவிடக் குறைவு. கொஞ்சம்தான், ஆனால் குறைவு. கண்ணுக்குத் தெரியாத தூளாக அதுவும் நெல்லோடுதான் போயிருக்கிறது. உழைக்கிறது, உழைக்கிறது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, உழைத்துத் தேய்ந்தது எங்கே போகும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

தூளைத் தடுக்க முடியாது; முதலாளியிடம் சொல்லி, உறை மெலிந்து துண்டாகப் பிய்வதற்கு முன்னால், பாதிப் போகத்திலேயே மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். என் மனைவி பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டாள். இன்றும் அந்தப் பக்கம் மெல்ல மாட்டாள்.