தரும், தாரும்

தமிழ் டீச்சர் கையில் ஆர்கனைக் கொடுத்தால் இப்படித்தான் என்று எங்கள் சபையில் கேலி செய்வார்கள். போடி பஜாரை ஒட்டிய சின்ன சபை. பகலெல்லாம் பள்ளியில் இலக்கணம் நடத்திவிட்டு, அதே வாயோடு வந்து கொயர் என்ற பாடகர் குழுவையும் நடத்துவேன். குறில் நெடிலாகிவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வருவார்" என்பதை யாராவது இழுத்து "வாருவார்" என்று பாடினால் ஆர்கனை நிறுத்திவிட்டு, "ஆண்டவரு யாருக்குத் தலை வாருறாரு?" என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். இழுத்தவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், ஈஸ்டருக்குப் பெரிதாக ஏதாவது பாட வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மதுரையில் படித்த காலத்தில் கேசட்டில் கேட்டுக் கிறங்கிப்போன பாட்டு ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவர் நான்கு குரல்களுக்கும் ஆர்கனுக்குமாக எழுதியது. காட்டையும் நிலவையும் காதலையும் நினைத்து உருகி உருகி இசை எழுதிய தலைமுறை அது. அந்த மனிதர் தேவாலயத்துக்குள் வந்த பிறகும் உருக்கத்தை வாசலில் கழற்றிவைக்கவில்லை. அவர் மனத்தில் இருந்த ஆர்கன் ஒரு வீட்டின் உயரம் இருந்திருக்கும். எங்களிடம் இருந்தது காலால் மிதித்துக் காற்றடைக்கும் மரப்பெட்டி. மலையில் மழை பிடித்துவிட்டால் அதன் சுரங்களில் ஒன்றிரண்டு ஊமையாகிவிடும். அதை வைத்துக்கொண்டுதான் துணிந்தேன்.

ஜெர்மன் யாருக்குத் தெரியும்? தமிழ் வார்த்தைகளை நானே எழுதினேன். கடைசியில் திரும்பத் திரும்ப வரும் அடி, "உம் வார்த்தையே சுகம் தரும்." எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. பாடிப் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. அந்தத் "த"வின் தலையில் மூச்சு முட்டும் நீளத்துக்கு ஒரு சுரத்தை வைத்திருந்தார் அந்த ஜெர்மானியர். நீட்டினால் "தாரும்" ஆகிவிடும். "தரும்" என்றால் நம்பிக்கை. "தாரும்" என்றால் கெஞ்சல், வாக்கியமும் ஒட்டாது. நான் வார்த்தையை மாற்றியிருக்கலாம். என் வார்த்தையை மாற்ற எனக்கு மனம் வராததால் அந்தப் பெரிய மனிதரின் சுரத்தை வெட்டினேன். குரல்கள் "தரும்" என்று சட்டென முடித்துவிட வேண்டும், மீதி நீளத்தை ஆர்கன் மட்டும் இழுத்துக்கொண்டு போகும்.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், ஒரு அக்காவைத் தவிர. பஜாரில் கணவரோடு பாத்திரக்கடை நடத்தியவர். பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோவில் எனக்கு இருந்த ஒரே தூண். பள்ளியிலிருந்து பசியோடு வருவேன் என்று முந்தானைக்குள் வடைப் பொட்டலத்தை மறைத்துக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது ஆர்கன் மேல் வைப்பார். அந்த அக்காவின் குரல்தான் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஆர்கனோடு சேர்ந்து "தா..." என்று போய்க்கொண்டே இருக்கும்.

"அக்கா, குறில்."

"நீட்டிப் பாடுனாத்தேன் டீச்சர் மனசு நெறையுது."

"மனசு நெறைய வீட்டுல பாடுங்க. இங்கன குறில்."

அடுத்த வாரமும் இழுத்தார். அதற்கடுத்த வாரமும். எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "பிச்சை கேக்குற மாதிரி இழுக்காதீக அக்கா! தரும்னு சொல்லியாச்சுல்ல, பெறகு எதுக்குக் கேட்டுக்கிட்டே நிக்கிறீக?"

பின்வரிசைப் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் வடை இருந்தது. தின்றேன்.

ஈஸ்டர் ஆராதனையில் கொயர் எனக்கு முதுகுப்பக்கம் நின்றது. அவர்களைப் பார்க்க ஆர்கன் மேல் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தேன். அந்த அடி வந்தபோது கண்ணாடியில் அக்காவைத்தான் பார்த்தேன். "சுகம்" வரைக்கும் பாடினார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அப்படியே. குரல்கள் நின்றன, ஆர்கன் மட்டும் நீண்டது, ஒரு பிசிறு இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குத்தேன் அக்கா சுத்தமா இருந்துச்சு" என்றேன். சிரித்தார்.

பள்ளி திறந்த சமயத்தில் அவரை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மார்பில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டார் கேட்டதால் அடக்க ஆராதனையில் அதே பாட்டைப் பாடினோம். அந்த இடத்தில் ஆர்கன் மட்டும் நீண்டபோது, யாராவது தப்பாக இழுக்க மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. ஒருவரும் இழுக்கவில்லை. அத்தனை நன்றாகப் பழக்கியிருந்தேன்.

சில நாள் கழித்துத் துக்கம் கேட்க வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கட்டி இருக்குன்னு ஈஸ்டருக்கு முந்துன கிறிஸ்மசுக்கே அவளுக்குத் தெரியுமாம் டீச்சர். மதுரையில டாக்டரம்மா கேக்கவும்தேன் சொன்னா. எங்க ஒருத்தருக்கும் மூச்சு விடல. அடுப்படியில நின்னு சுகம் தாரும், சுகம் தாரும்னே பாடிக்கிட்டுக் கெடப்பா. நான்கூட, சர்ச்சுலயும் இப்பிடித்தேன் பாடுறியான்னு கேட்டேன். அங்கன நீட்டக் கூடாதாம், டீச்சர் வைவாகன்னு சிரிச்சா."

டம்ளரைக் கீழே வைத்தேன். இலக்கணப்படி நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தருகிறேன். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்க அந்த அக்காவுக்குக் காரணம் இருந்தது. கேட்க வேண்டிய இடத்திலேயே நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அக்காவின் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர் அன்னைக்குக் கடையில ஆளு இல்லன்னு நான் வரல. நீங்க சொன்ன மாதிரி சரியாப் பாடுனாளா டீச்சர்?"

"சரியாப் பாடுனாக அண்ணே" என்றேன்.