சல்கினைத் தொடர்ந்த தொட்டில் விளம்பரம்

கணவனைத் தவிர யாரிடமும் வாய் திறந்து சொல்லாத ஒன்று வெளியே எப்படித் தெரிந்தது? நரின் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் சல்கின் என்னிடம் இப்படித்தான் கேட்டாள்.

இரண்டு முறை கரு கலைந்தவள் அவள். மூன்றாவது தங்கியிருந்தது. வயிறு தெரியும்வரை வெளியே சொல்லக்கூடாது, பிறக்கும்முன் ஒரு துணிகூட வாங்கக்கூடாது, கண் பட்டுவிடும். கணவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் ஆசை விடவில்லை. பார்ப்பது வாங்குவதாகாதே என்று, வீட்டுக்கே பொதுவான மடிக்கணினியில் தொட்டில்களைத் தேடினாள். திறந்த தளமெல்லாம் குக்கீகளை ஏற்கிறாயா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினாள். வாசல்வரை போன வீட்டில் நீட்டிய ரொட்டியைத் துளியாவது பிய்த்து வாயில் போடாமல் திரும்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வேண்டாம் என்று அழுத்த அவள் விரல் மடங்காது.

மறுநாள் மாமியார் தொக்தோகான் வானிலை பார்க்க உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில் ஒரு தொட்டில் ஆடியது. சல்கின் தேநீர்க் கிண்ணத்தோடு ஓடிவந்து மறைத்து நின்றாள்.

தேடல் வரலாற்றை அழித்தாள். தொட்டில் போகவில்லை. குக்கீ என்பது தளங்கள் கணினியில் விட்டுப்போகும் அடையாளம், அதைத் தனியாக அழிக்கவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு அத்தனையையும் துடைத்தாள். வீடு இரண்டுபட்டது. மாமியாரின் மின்னஞ்சலும் கணவனின் அண்ணன் ஆடும் சதுரங்கமும் கடவுச்சொல் கேட்டன. யாருக்கும் நினைவில்லை.

ஊர்ச்செய்தியெல்லாம் சுமக்கும் ஓரகத்தி பெர்மெத் விடவில்லை. "அப்படி எத மறைக்கத் தொடச்சே?"

"தூசி தொடச்சேன், ஏஜே," என்று அக்கா முறை சொல்லி மழுப்பினாள் சல்கின்.

துடைத்த பிறகு தளங்கள் புதிதாகக் கேட்டன. பழக்கத்தில் மறுபடியும் சரி, சரி. கடைசியாக ஒருமுறை என்று தொட்டில் பக்கத்தையும் திறந்தாள். அவ்வளவுதான். இந்த முறை குழந்தைத் தொப்பிகளும் சேர்ந்து வந்தன. அதுவும் பெர்மெத் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்த நேரத்தில், அவள் முகத்துக்கு நேரே. அவள் நிமிர்வதற்குள் தொக்தோகான் கைத்துண்டைத் திரைமேல் வீசிவிட்டு, கண் எரிகிறது, இந்தப் பெட்டியை அணை என்று சிடுசிடுத்தார்.

பெர்மெத் போனதும் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே பாத்துட்டேன். நான் எதையும் பாக்கல, சரியா? ஆனா வேண்டாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"கேக்கறப்ப எப்படி மறுக்கறது, அபா?" என்று, அம்மா முறையில் அழைத்துக் கேட்டாள் சல்கின்.

"ரொட்டி குடுத்தவன் உன் பின்னாடியே வீடு வரைக்குமா வருவான்?"

அன்று சல்கின் தொட்டில் கடைகளும் விளம்பரக்காரர்களும் விட்ட குக்கீகளை மட்டும் அழித்தாள். திறந்த தளத்தோடு சேராத பிற நிறுவனங்கள் விடும் குக்கீகளை உலாவியின் அமைப்புகளில் தடுத்தாள். அதன்பின் எந்தத் தளம் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தாள். ஒவ்வொரு முறையும் யாரையோ அவமதித்ததுபோல அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

தொட்டில், பிள்ளை பிறந்த பிறகே, அவள் தாய்வீட்டிலிருந்து வந்தது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை அங்கே சொல்லுங்கள். சல்கின் சொல்லச் சொன்னாள்.