இரண்டு தாள்களை அச்சிட நான்கு நாள்கள்

அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் உண்மையான வேலை, மொழிபெயர்ப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அலுவலகத்தின் மடிக்கணினியையும் சொந்த வீட்டின் அச்சுப்பொறியையும் ஒரே மேசையில் வைத்துத் துன்புறும் அன்பர்களே, நடந்ததைச் சொல்வதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, நான் பணிபுரியும் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் ஆவணங்கள் அந்நிறுவனம் தந்த மடிக்கணினியில் மட்டுமே திறக்கும். அதுவும் பாதுகாப்பு இணைப்பு ஒன்றைப் போட்ட பின்னரே திறக்கும். அவற்றை வேறு மின்னஞ்சலுக்கு அனுப்பவோ வேறு கருவியில் பதியவோ அனுமதி இல்லை. இரண்டாவது, மொழிபெயர்ப்பு தாளில் இருந்து, அதன்மேல் என் முத்திரையும் மைக் கையொப்பமும் இருந்தால்தான் அது செல்லும். மூன்றாவது, ஜூலை மாதத்தில் ஒஸ்லோ நகரமே விடுமுறைக்குப் புறப்பட்டுவிடும். எங்கள் அலுவலகமும் மூன்று வாரம் பூட்டப்பட்டிருந்தது. அதுவரை நான் எல்லாவற்றையும் அங்கேதான் அச்சிட்டு வந்தேன்.

நான்காவது, ரேவதி. திருச்சியைச் சேர்ந்தவர், இங்கே கணினித் துறையில் வேலை. கணவருக்கு நோர்வே வர அனுமதி கிடைத்துவிட்டது. ஆறு வயது மகளுக்குக் கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை என்பது காரணம். பெயர் பின்னர் பதியப்பட்டதைக் கூறும் நகராட்சியின் தமிழ்க் கடிதம் இருந்தது. அதன் மொழிபெயர்ப்பைத் தாளாக வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இருப்பதைக்கொண்டே முடிவு எடுக்கப்படும் என்று குடிவரவு அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். நான் திங்கட்கிழமை நண்பகலில் மொழிபெயர்த்து முடித்தேன். இரண்டு பக்கங்கள்.

பதிவில் இல்லாத பொருள்

அச்சிடும்படி கட்டளை கொடுத்தேன். அச்சுப்பொறி எதுவும் இல்லை என்று மடிக்கணினி பதில் சொன்னது. அச்சுப்பொறியோ கைநீட்டினால் தொடும் தூரத்தில், பச்சை விளக்குடன் இருந்தது. இரண்டையும் அணைத்து மீண்டும் போட்டேன். பதில் மாறவில்லை.

எங்கள் நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் அந்த வாரம் கடமையில் இருந்தவர் லார்ஸ் ஒருவரே. அவரும் மலையில் உள்ள தம் குடிலில் இருந்துதான் தொலைபேசியை எடுத்தார். மின்னிணைப்பு, நிறம், விளக்கு என்று நான் ஒழுங்காக விவரித்ததை அவர் மிகப் பொறுமையாகக் கேட்டார். பின்பு தம் பட்டியலைப் பார்த்துவிட்டு நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "உங்களிடம் ஒரு பிரிண்டர் இருப்பதாக எங்கள் பதிவில் இல்லை. பதிவில் இல்லாத பொருளை நான் எப்படிப் பழுதுபார்ப்பது?"

பிறருக்கு உழைத்தது

அன்று மாலை யோகன் வந்தார். கோயில் நிர்வாகசபையில் இருப்பவர்; என் கணவரின் நண்பர்; நான் தமிழ் வகுப்பு நடத்திய நாளிலிருந்து என்னை 'ரீச்சர்' என்றே அழைப்பவர். திருவிழா அறிவித்தல்களை எங்கள் வீட்டில்தான் அச்சிடுவார். அவருடைய கைத்தொலைபேசிக்கு அச்சுப்பொறி உடனே இணங்கிவிட்டது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே முப்பது தாள்கள் வந்து விழுந்தன. எல்லாம் நேராக, மை பரவாமல், மிகத் தெளிவாக இருந்தன. நண்பகலிலிருந்து அதனோடு போராடிய நான் பலகாரத் தட்டை அவர் முன் வைத்தேன்.

யோகன் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கியபடி சொன்னார்: "ரீச்சர், உங்கட மெஷின் தங்கமான மெஷின். நான் வாசல்லை சப்பாத்துக் கழட்டேக்கையே அடிக்கத் தொடங்கிட்டுது."

கம்பி

காற்றின் வழியாக முடியாதது கம்பியின் வழியாக முடியும் என்று தீர்மானித்து, செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பகுதியான ஹொல்ம்லியாவில் ரயில் ஏறி, நகர நடுவில் உள்ள குறொன்லாண்டுக்குச் சென்றேன். மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளுக்கு அருகே கைத்தொலைபேசி உறைகளும் கம்பிகளும் தொங்கும் கடை ஒன்று அங்கே உண்டு. இரு முனைகளின் வடிவத்தையும் தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைப் பார்த்தவுடன் சரியான கம்பியை எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து இணைத்தேன். வெளிக்கருவிகள் நிறுவனத்தின் விதிப்படி தடுக்கப்பட்டுள்ளன என்று திரை அறிவித்தது. எனக்கு ஐயம் தீரவில்லை. மடிக்கணினி, கம்பி இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் ரயில் ஏறினேன். கடைக்காரர் அந்தக் கம்பியைத் தம் கணினியில் போட்டுப் பார்த்தார், வேலை செய்தது. என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். அதே அறிவிப்பு வந்தது. அவர் அதை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, வயரிலை ஒரு பிழையும் இல்லை. உங்கட கொம்பனிதான் உங்களை நம்பேல்லை."

திரையைப் படம் எடுப்பது பற்றி

மாலையில் ரேவதி வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதுகாப்பு இணைப்பைப் போட்டு, மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டினேன். மகளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். பிறகு கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இத அப்படியே ஒரு போட்டோ எடுத்து, லைப்ரரில போய் பிரிண்ட் போட்டுக்கலாமே? என்னோட டாக்குமென்ட் தானே?"

"ஆவணம் உங்கட. கையெழுத்து என்ர," என்றேன். சொன்ன பிறகு அது கடுமையாக ஒலித்ததை உணர்ந்து, விளக்கினேன். விளிம்பு வளைந்த நிழற்படத்தில் நான் முத்திரை இட்டால் குடிவரவு அலுவலக முகப்பில் இருப்பவர் அதைத் திருப்பித் தருவார். அப்போது வெள்ளிக்கிழமையும் போய்விடும். விதியை மீறிய குற்றத்துக்காக என் அங்கீகாரமும் போகலாம். அதன்பின் வேறு எவருக்கும் நான் உதவ இயலாது. ரேவதி தொலைபேசியைத் திருப்பி, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமியின் படத்தைக் காட்டினார். பிறந்தபோது வீட்டில் பெயர் பற்றி உடன்பாடு வரவில்லை. மருத்துவமனையில் 'பெண் குழந்தை' என்று மட்டும் பதிந்தார்கள். எட்டு மாதம் கழித்தே மகிழ் என்று முடிவாயிற்று. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவர், புறப்படச் சப்பாத்தைப் போடும்போது சிரிக்கவில்லை.

"என் பொண்ணுக்கு ஒரு பேரு இருக்குன்னு இந்த ஊர்ல ஒரு பேப்பர் சொல்லணும்க்கா. அவ்வளவுதான்."

வருவோருக்குத் திறந்த கதவு

புதன்கிழமை காலையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வீட்டில் உள்ள கருவிகளை எல்லாம் வரைந்தேன். வாக்கியங்களைப் பகுத்துப் பகுத்துப் பழகிய கை. எது எதனோடு சேர்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் எனக்கு அமைதி வரும். யோகனின் தொலைபேசிக்கு அச்சுப்பொறி பணிகிறது. என் கணவரின் தொலைபேசிக்கும் பணிகிறது. என் மடிக்கணினிக்குப் பணியவில்லை. முதல் இரண்டிலும் இருந்து மூன்றாவதில் இல்லாதது எது? கணவரின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அது எங்கள் வீட்டு இணைப்பில் இல்லை. 'வாங்கோ' என்ற பெயருள்ள வேறோர் இணைப்பில் இருந்தது.

கணவரை அழைத்தேன். அவர் சற்றும் தயங்கவில்லை. "இஞ்சரும், வாறவை எல்லாரும் பாஸ்வேர்ட் கேட்டுக் கேட்டு என்னை ஒரு வழி பண்ணிட்டினம். உம்மட பாஸ்வேர்ட் என்ன சின்னதே? அதுதான் அவைக்கெண்டு தனியா ஒண்டு திறந்துவிட்டனான். பூட்டே இல்லை. வாங்கோ எண்டால் வரலாம்."

"சரி. பிரிண்டரை ஏன் அதுக்குள்ளை கொண்டுபோய் விட்டனீங்கள்?"

"பிரிண்ட் எடுக்கிறது ஆர்? வாறவைதானே. நீர் ஒருநாளும் இதிலை எடுத்ததில்லையே."

நோர்வேயில் எத்தனை வீடுகளில் அச்சுப்பொறி விருந்தினருக்கு உரியதாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் இருந்திருக்கிறது. விருந்தினர் இணைப்பில் உள்ளதை வீட்டு இணைப்பில் உள்ளது காணாது. நானும் 'வாங்கோ'வுக்குள் போய்விடலாமென்று முயன்றேன். கடவுச்சொல் இல்லாத இணைப்பில் என் மடிக்கணினி சேர மறுத்தது. ஆகவே அச்சுப்பொறியை வீட்டுப் பக்கத்துக்கு மாற்றினேன். இருபத்திரண்டு எழுத்துள்ள என் கடவுச்சொல்லை அதன் சிறிய திரையில், அம்புக்குறிப் பொத்தான்களால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி இட வேண்டியிருந்தது. மூன்று முறை தவறியது. நான்காவது முறை ஏற்றுக்கொண்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "யோகன் வந்து நிண்டால் நான் என்ன சொல்லுறது? உள்ளை வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ, ஆனால் பிரிண்ட் மட்டும் எடுக்கேலாது எண்டோ?"

இணைப்பிலேயே இருந்தது

இப்போது மடிக்கணினி அச்சுப்பொறியைக் கண்டது. ஆனால் பாதுகாப்பு இணைப்பைப் போட்டவுடன் அச்சுப்பொறி மறைந்தது. அந்த இணைப்பு, வீட்டில் உள்ள மற்றக் கருவிகள் அனைத்தையும் அடைத்துவிடும். அதைத் துண்டித்தால் அச்சுப்பொறி வந்தது, ஆவணம் மறைந்தது. இதற்கு என்னிடம் திறவுகோல் இல்லை. லார்ஸிடம் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஐந்து எண்ணிட்ட வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினேன். நிலைமை, காரணம், வேண்டுகோள், அதன் எல்லை, காலக்கெடு; வாக்கியத்துக்கு ஒன்று. வீட்டு ரவுட்டரில் அச்சுப்பொறிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, அதையும் குறிப்பிட்டேன். பிறகு தொலைபேசி எடுத்தேன். இதற்குத் தம் மேலாளரின் ஒப்புதல் வேண்டும், அவர் வடக்கே படகில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார், திங்கட்கிழமை பார்ப்போம் என்றார் லார்ஸ்.

"திங்கட்கிழமை பயனில்லை," என்றேன். "நான் கேட்பது ஓர் அச்சுப்பொறி, ஒரு முகவரி, நாளை மாலை வரை. ஒப்புதல் கேளுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அதுவரை நான் இணைப்பிலேயே இருக்கிறேன்."

இருந்தேன். தொலைபேசியில் ஆடுகளின் மணியோசை கேட்டது. ஒரு பானையின் மூடி விழுந்தது. யாரோ குடிக்கக் கோப்பி வேண்டுமா என்று கேட்டார்கள். வைத்துவிடலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. நாற்பது நிமிடத்தில் லார்ஸ் திரும்பி வந்தார். படகிலிருந்து ஒப்புதல் வந்திருந்தது. என் திரையில் சுட்டி தானாக நகர்ந்து, எங்கெங்கோ சென்று, சில கட்டங்களில் குறியிட்டது. பாதுகாப்பு இணைப்பு போட்டபடியே இருந்தது. ஆவணமும் திறந்திருந்தது. அச்சிடக் கட்டளை கொடுத்தேன். அச்சுப்பொறி ஒருமுறை முனகிவிட்டு, இரண்டு தாள்களையும் தந்தது. நன்றி சொன்னேன். லார்ஸ் சிறிது தயங்கிவிட்டுக் கேட்டார்: "உங்கள் கடிதத்தை எங்கள் கையேட்டில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா?"

வெள்ளிக்கிழமை

தாள்களை மூன்று முறை மூலத்தோடு ஒப்பிட்டு, முத்திரை இட்டு, நீல மையால் ஒப்பமிட்டு, தடித்த உறையில் வைத்தேன். காலை எட்டு மணிக்கு ஹொல்ம்லியா நிலைய மேடையில் ரேவதியிடம் கொடுத்தேன். அவர் உறையைப் பைக்குள் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தபடியே ரயிலில் ஏறினார்.

பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. முகப்பில் இருந்த பெண் முத்திரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாராம். இரண்டு பக்கங்களையும் வாசித்தாராம். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியும் கொடுத்தாராம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்ன ரேவதி, கடைசியில் நிதானமாகச் சொன்னார்: "அக்கா, அந்த லேடி 'மகிழ்'னு சொல்ல மூணு தடவ ட்ரை பண்ணாங்க. வரவே இல்ல. ஆனா எழுதிக்கிட்டாங்க."

பின்னர் உறுதியானவை

மகிழுக்கு அனுமதி செப்டெம்பரில் கிடைத்தது. இலையுதிர் விடுமுறைக்கு முன்பே தந்தையும் மகளும் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாளை மாலை வரை என்று கேட்ட அனுமதியை லார்ஸின் மேலாளர் கரைக்கு வந்ததும் நிரந்தரமாக்கினார். என் அச்சுப்பொறி நிறுவனத்தின் பதிவில் வரிசை எண்ணுடன் இருக்கிறது.

'வாங்கோ' இணைப்புக்குக் கடவுச்சொல் போடப்பட்டது. அது எட்டெழுத்து, இதற்கு மேல் கணவர் உடன்படவில்லை.

யோகனுக்கும் கோயிலுக்கும் ஏற்பட்ட இழப்பு உண்மையானது என்பதை நான் ஒப்புக்கொண்டேன். கணவர் எங்கிருந்தோ பழைய அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். அது விருந்தினர் பக்கத்தில் இருக்கிறது; நான் அதைத் தொடுவதில்லை.

இவ்வளவும் ஒழுங்குக்கு வந்த பிறகு, இனித் தாள் வேண்டாம், மின்கோப்பாகவே அனுப்பலாம் என்று அதிகாரிகள் எங்கள் நிறுவனத்துக்கு எழுதிவிட்டார்கள்.