மாலை போட்ட போட்டோவும் வேலைக்குப் போன எருமையும்

நான் சிறுவர் கதை எழுதுகிறவள். தினமும் ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவளும் நானேதான். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எழுதுவேன். ஸ்டேஷன் வந்துவிட்டால் கதை முடிந்தது. ராஜா பாதி மரத்தில் ஏறியிருப்பான். அவன் தலையெழுத்து, அங்கேயே கிடக்கட்டும். இருபது வருஷமாக ஒரு சின்னப் பத்திரிகை இதையும் வாங்கிப் போடுகிறது. ஆனால் என் கதையைப் படித்த குழந்தை ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. பத்திரிகை அச்சாகி நேரே பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

எதிர்வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு, ஒரு சாயங்காலம் சார்ட் பேப்பரோடு வந்து நின்றாள். பள்ளியில் சிறுவர் எழுத்தாளர்கள் கண்காட்சியாம்.

"என்னைப் பத்தியா எழுதப் போற?" வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன்.

"பெரிய ஆளுங்களை எல்லாம் மத்த பசங்க எட்துகினாங்க ஆன்ட்டி. நீங்கதான் மிச்சம்."

மிச்சத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? உட்கார்ந்து பதில் சொன்னேன்.

"இன்னா விருது வாங்கினீங்க?"

கம்பெனி ஆயுத பூஜையில் மியூசிக்கல் சேர் ஜெயித்து வாங்கிய டிபன் பாக்ஸைக் காட்டினேன். எழுதிக்கொண்டாள்.

"உங்க நடை?"

"எளிய நடைன்னு போடு."

"அது எல்லாருக்கும் போட்டுகிறாங்க." அவளே யோசித்து எழுதினாள்: 'இவர் கதைகள் திடுக்கென்று முடியும். அதுவே இவர் நடையின் சிறப்பு.' எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லையே! போட்டோ கேட்டாள். இருப்பதில் நல்லதாகக் கொடுத்தேன்.

கண்காட்சி அன்று அரை நாள் லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஒரு குழந்தையாவது 'உங்க கதை படிச்சேன்' என்று சொல்லாதா என்ற நப்பாசைதான், வேறென்ன.

சுவர் முழுக்கப் பெரிய எழுத்தாளர்கள், எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். ஆளுக்கொரு காகிதப்பூ மாலை, கீழே ஊதுவத்தி. வரிசைக் கடைசியில் நான். எனக்கும் மாலை, எனக்கும் ஊதுவத்தி.

"அடிப்பாவி! இன்னாடி இது?" என்று எதிர்வீட்டுப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன்.

"எல்லாருக்கும் போட்டாங்க ஆன்ட்டி. உங்களுக்கு மட்டும் போடலைன்னா அசிங்கமா இருக்கும்ல?"

ஒரு டீச்சர் வந்து, "உங்க அக்காவா? முகஜாடை அப்படியே இருக்கு. பாவம், சாகற வயசா?" என்றார். தலையாட்டி வைத்தேன்.

அப்போதுதான் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று என் படத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டுவது கேட்டது. "கதையை முடிக்காமயே செத்துப்பூட்டியா? எருமைக்கு வேலை கெட்ச்சிதா இல்லியா?"

அது என் எருமை! கம்பெனி வேலைக்குப் போன எருமை. கொம்பு இடித்து ஹெல்மெட் தலையில் உட்காரவில்லை என்று செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

"நான்தாம்மா அது. உயிரோடதான் கீறேன்" என்று குனிந்தேன்.

படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பிழைத்து வந்ததை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப சொல்லு. உள்ள உட்டாங்களா?"

"நீ இன்னா நெனைக்கிற?"

"எங்க நைனாவையும் கேட்லயே நிக்க வெச்சி அனுப்பிட்றாங்க. தெனம் வேலை கேட்டுப் போய்க்கினு கீது. எருமையை உட்டாங்கன்னா நைனாவையும் உடுவாங்க."

"உட்டாங்கடி கண்ணு. கொம்புக்கு ரெண்டு ஓட்டை போட்ட ஹெல்மெட் குட்த்து, உள்ள கூட்டிக்கினு போனாங்க" என்றேன்.

"ஓட்டையா!" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். அங்கே நின்றிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா! எருமைக்கு வேலை கெட்ச்சிச்சு! இந்த ஆன்ட்டிதான் சொன்னாங்க!"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னிடம் நடந்து வந்து மெதுவாகக் கேட்டார்: "இன்னா கம்பெனிம்மா?"

"எங்க கம்பெனிதாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. "நாளைக்குக் காலையில என்கூட ரயிலுக்கு வாங்க."