ஸ்டெல்லா அக்கா வைத்த கீ

ஸ்டெல்லா அக்காவின் மகன் காலையில் போன் செய்து, "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டேன். மறுபடியும் சொன்னான். நிஜமாகவா என்று இன்னொரு தடவையும் கேட்டேன். அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் என்னைக் கடிந்துகொண்டிருப்பார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, அந்த மாடிக் கடையில் எங்களோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். அரியமங்கலத்தில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். துவாக்குடி பொறியியல் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. அக்கா எனக்கு முன்பே சேர்ந்தவர், கை வேகத்தில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

அந்தக் காலத்து வேர்ட் பிராசஸர் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் போல ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சேமிக்கவா? நிச்சயமாக வெளியேறவா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று 'ஒய்' தட்ட வேண்டும். அக்காவுக்கு எரிச்சல் வரும். "வேணும்னுதானே அழுத்தினேன். அப்புறம் என்ன கேள்வி?" என்று திரையிடமே சண்டைக்குப் போவார்.

ஒருநாள் மதியம் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, மென்பொருளோடு வந்த தடிமனான கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று கீகளைச் சேர்த்து அழுத்திப் போட வேண்டிய கட்டளைகளையெல்லாம் மேல்வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீயாக மாற்றி வைத்தார். பிறகு துணிச்சலாக அந்த 'ஒய்'யையும் கீக்குள்ளேயே சேர்த்துவிட்டார். கேள்வி திரையில் வருவதற்குள் பதில் போய்விடும். அடையாளத்துக்கு அந்தக் கீகளில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி. நெற்றியில் வைக்காத பொட்டை மிஷினுக்கு வைத்துவிட்டீர்களே அக்கா என்று கேலி செய்தேன். அதுவாவது லட்சணமாக இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு எங்கள் வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய ஆய்வேடானாலும் மூன்றாம் அத்தியாயத்தின் கோப்புக்கு ஒரே பெயர்தான். ஆளுக்கொரு பிளாப்பி இருந்ததால் குழப்பம் வந்ததில்லை. ஒரு சனிக்கிழமை துவாக்குடிப் பையன் ஒருவனின் பிளாப்பி உள்ளே இருக்கும்போதே, வேறொருவரின் மூன்றாம் அத்தியாயத்தை முடித்து, பொட்டு வைத்த கீயை அழுத்திவிட்டேன். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதவா என்று மிஷின் கேட்டிருக்க வேண்டும். கேட்டும் இருக்கும். எங்கள் கீ அதற்கும் ஆமாம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை அவன் சமர்ப்பிக்க வேண்டிய அத்தியாயம், சமன்பாடுகளோடு சேர்ந்து அழிந்துபோனது.

முதலாளி என்னிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வீட்டில் போய் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. அப்போது அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கோதை ஒரு கீயைத்தான் அழுத்தினாங்க சார். அதுக்குள்ள 'ஆமா'ன்னு எழுதி வச்சது நான். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

முதலாளி திகைத்துப் போனார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஒரு தடவை சொல்லிட்டேனே சார்."

அவரை அனுப்பினால் கடை ஓடாது என்பது முதலாளிக்குத் தெரியும். யாரையும் அனுப்பாமல் உள்ளே போய்விட்டார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு துவாக்குடி பஸ் ஏறினார். பையன் திங்கட்கிழமை வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று விடவில்லை. விடுதியில் அவனைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, கையால் எழுதிய தாள்களை வாங்கி வந்தார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிட்டார். நான் தாளைப் பார்த்து வாசிக்க, அவர் அடித்தார். சாயங்காலம் அந்தப் பையனே வந்து சமன்பாடுகளைச் சரிபார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் காபி வாங்கி வந்தான். திங்கட்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு கீகளைக் கழற்றி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. ஒன்றின் மேல் ஒன்றை எழுதுவதற்கும் அழிப்பதற்கும் மட்டும் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தக் கீகளில் இருந்த பொட்டைச் சுரண்டி எடுத்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி கேக்கட்டும். அது நியாயமான கேள்விதான்" என்றார்.

அந்த வேலை தங்கியதால்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. பின்னாளில் நானும் ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக உட்கார்ந்தேன். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடனை அவரிடமே ஒருமுறை சொல்லப் போனேன். அதுதான் தெரியுமே, வேறு பேசு என்று அடக்கிவிட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது. யாராவது தப்பு செய்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் முகம் வெளுத்து நிற்கும்போது, கீயை அழுத்தியது யார் என்று கேட்கமாட்டேன். அந்தக் கீயை வைத்தது யார் என்று பார்ப்பேன். பல தடவை அது நானாகத்தான் இருந்திருக்கிறது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு தடவைதான்.